பிந்தி வரும் சிரிப்பு

என்னோடு படித்தவர்களே, ஒன்றிரண்டு வயது முன்பின் பிறந்தவர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். வீடியோ டேப்பை உள்ளே தள்ளினால் அது ஒரு பெருமூச்சு விட்டு உட்காரும் சத்தம் உங்களுக்குத்தான் தெரியும். என் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "ஓ, ஓகே மா," என்றாள். அவள் போனில் ஒரு காமெடியைப் பார்க்கிறாள், மூக்கால் ஒரு சிரிப்பு, விரலால் மேலே தள்ளுகிறாள், அடுத்தது. ஒரே காட்சியை இரண்டாம் முறை பார்க்க அவளுக்குப் பொறுமை கிடையாது. நாமோ ஒரு டிசம்பர் லீவு முழுக்க நாலே நாலு படத்தை வைத்துக்கொண்டு ஓட்டியவர்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷத்து லீவு அது. ஸ்கூடாயில், சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், நாங்கள் இருந்த தாமான் குடியிருப்பில் வரிசைக்குப் பத்து வீடு. எல்லாம் ஒட்டிக் கட்டிய தரை வீடுகள், இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறாயுசு" என்று பதில் வரும். கூரை மேல் எல்லா வீட்டு ஏரியலும் தெற்கே சிங்கப்பூரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கும். சிங்கப்பூர் டிவியில் தமிழ்ப் படம் போடும் நாளில் காற்றடித்துவிட்டால், அப்பா வெளியே கம்பத்தைப் பிடித்துத் திருப்புவார், அம்மா உள்ளேயிருந்து, "வந்துருச்சு, வந்துருச்சு, ஐயோ போச்சு," என்று குரல் கொடுப்பார். பாதிப் படம் இந்தச் சண்டையிலேயே முடிந்துவிடும்.

வரிசையில் வீடியோ டெக் இருந்தது ஒரே வீட்டில், எங்கள் பக்கத்து வீட்டில். அங்கே கல்யாணமாகி ஒரு வருஷமே ஆன ஒரு அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். சொந்தமில்லை, நாங்கள் கூப்பிட்ட முறை அது. அண்ணன் விடியும் முன்னே மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போவார். அண்ணிக்கு இங்கேயே பேக்டரியில் வேலை. நீலச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக அவர் வாசலில் நின்றால், பேக்டரி பஸ் வீட்டு முன்னாலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். அண்ணிக்குத் தாய் தகப்பன் இல்லை. சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர் என்று அம்மா சொல்வார். அந்த வீடுதான் தனக்கென்று கிடைத்த முதல் வீடு என்பதால் அண்ணி அதைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார் என்று அண்ணன் கேலி செய்வார்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் டிவியை மேசையோடு இழுத்து வாசல் கதவருகே வைப்பார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் போர்ச்சில் பாய் விரித்து உட்காருவோம். காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே கடலை, ஆளுக்கு ஒரு கப் சிவப்பு சீராப் தண்ணி. அது விரல் இடுக்கெல்லாம் பிசுபிசுத்து, பாயிலும் சட்டையிலும் ஒட்டும்.

உண்மையைச் சொன்னால், அண்ணனோடு படம் பார்ப்பது பெரிய இம்சை. சோகக் காட்சி வந்தால் ஓட்டிவிடுவார். சண்டை வந்தால் போய் டீ கலக்கிக்கொண்டு வருவார். காமெடி வந்தால் மட்டும் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டு, நடிகர் வாயைத் திறக்கும் முன்னே வசனத்தை இவர் சொல்லிவிடுவார். அதிலும் ஒரு காட்சி அவருக்கு உயிர். ஒரு திருடன் வீட்டுக்குள் வந்துவிடுவான். வீட்டுக்காரர் கண் விழித்துப் பார்த்து, பயப்படாமல், "வந்ததுதான் வந்தே, அந்த அலமாரியைக் கொஞ்சம் தள்ளி வச்சிட்டுப் போ. ரெண்டு வருஷமா ஆள் கிடைக்கல," என்பார். "ஐயா, நான் திருட வந்தவன்," என்பான் அவன். "தெரியுதுப்பா. அதான் சத்தம் போடாம தள்ளு, புள்ளைங்க தூங்குது."

நாங்கள் உருண்டு சிரிப்போம். அண்ணி சிரிக்கமாட்டார். அண்ணிக்குச் சிரிப்பு பிந்தித்தான் வரும். நாங்கள் எல்லாரும் சிரித்து ஓய்ந்து, திருடன் அலமாரியைத் தள்ளி முடித்து, அடுத்த காட்சி பாதி போன பிறகு, கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அண்ணியின் தோள் குலுங்கும். துண்டால் வாயைப் பொத்துவார். பொத்தியும் அடங்காமல் ஒரு கேவல் மாதிரி வெளியே தெறிக்கும். தெரியாதவர் கேட்டால் அழுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

"நில்லுங்க பிள்ளைங்களா, ரயிலு இப்பத்தான் வந்து சேந்துச்சு," என்பார் அண்ணன்.

சிரித்து முடித்ததும் அண்ணிக்கு அதைத் திரும்பப் பார்க்க ஆசை வரும். எங்கள் முன்னால் வாயால் கேட்க வெட்கம். விரல் முட்டியால் கதவு நிலையை இரண்டு முறை தட்டுவார், டொக் டொக். அண்ணன் உடனே ரீவைண்ட் செய்துவிடுவார். நாங்கள், "அலமாக், மறுபடியுமா," என்று கத்துவோம். ஆறு தடவை, ஏழு தடவை. அந்த டேப்பில் அந்த இடம் மட்டும் தேய்ந்து, திரையில் வெள்ளைக் கோடுகளாக ஓடும்.

டிசம்பரில் மழைக்குக் கரண்ட் அடிக்கடி போகும். அதற்காக அண்ணன் ஒரு வேலை செய்தார். தன் ரேடியோ கேசட்டை டிவிக்கு முன்னால் வைத்து, காமெடிக் காட்சிகளின் சத்தத்தை மட்டும் பதிந்தார். "யாரும் மூச்சு விடக்கூடாது," என்று எங்களை மிரட்டிவிட்டு, முதல் ஆளாக அவரே வசனத்தைச் சொல்லிவிட்டார். பிறகென்ன, எல்லாம் அதில் ஏறிவிட்டது. எங்கள் சிரிப்பு, என் தம்பியின் இருமல், பஸ் ஹாரன், கடைசியில் பிந்தி வந்த அண்ணியின் சிரிப்பு, "ரயிலு வந்துருச்சு" என்ற அண்ணனின் குரல், அந்த டொக் டொக். மறுபக்கம் வானொலியிலிருந்து பிடித்த பாட்டுகள். அட்டையில் நீல மையில் "பாட்டு + சிரிப்பு" என்று எழுதி வைத்தார்.

நான் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே போய்க் கெஞ்சியதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை என்னிடம் கொடுத்தார். "லீவு முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும், சரியா? இது உங்க அண்ணியோட சொத்து," என்றார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை மழையில் பாலத்துக்குப் போகும் சாலையில் ஒரு லாரி அவர் மோட்டாரை இடித்துவிட்டது. மத்தியானம் அவரைக் கொண்டுவந்தார்கள். டிவி மேசை இருந்த இடத்தில் பெட்டியை வைத்தார்கள். நாங்கள் பாய் விரிக்கும் போர்ச்சில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எனக்கு எழுத வராது.

நம் வீடுகளில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பதினாறு நாள் டிவி கிடையாது, ரேடியோ கிடையாது. சுவர் ஒன்றாக இருந்ததால் அந்தத் துக்கம் எங்களுக்கும் சேர்ந்தது. அம்மா எங்கள் டிவிக்கு மேல் வேட்டியைப் போர்த்தி, வயரைச் சுருட்டிக் கட்டினார். வரிசையில் மற்றத் தமிழ் வீடுகளும் அடங்கின. எதிர் வீட்டு மலாய்க்காரர்கூட மோட்டாரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தார். மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அப்போது பதினோரு வயது. அண்ணனுக்காக அழுதேன், லீவு வீணாகிறதே என்றும் அழுதேன். எது எவ்வளவு என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அண்ணனின் கூடப்பிறந்த அக்கா ஒருவர் சிகாமட்டிலிருந்து வந்து தங்கினார். கெட்டவர் இல்லை, தம்பியைத் தூக்கி வளர்த்தவர். ஆனால் எல்லாவற்றையும் எடுத்து வைப்பவர். வந்த இரண்டாம் நாளே டெக்கைத் துணியில் கட்டி அலமாரி மேல் ஏற்றிவிட்டார். பத்தாம் நாள் பதினாறாம் காரியத்தைப் பற்றிப் பேசும்போது, அதற்குப் பிறகு அண்ணி எங்கே இருப்பது என்ற பேச்சு வந்தது.

"சின்ன வயசு. எங்கூட சிகாமட் வந்துடட்டும்," என்றார் சிகாமட் அக்கா.

அண்ணி தலை நிமிரவில்லை. ஆனால் சொன்னார். "நான் இங்கயே இருக்கேன் கா. வேலை இருக்கு, பஸ்ஸு வாசல்லயே வருது. அவரு இருந்த வீடு."

என் அம்மாதான் துணைக்கு வந்தார். "நாங்க சுவத்துக்கு இந்தப் பக்கந்தான இருக்கோம். பாத்துக்குவோம். புள்ள ஆசைப்படுது, விடுங்களேன்."

சிகாமட் அக்கா, "சரி, பாக்கலாம்," என்றார். அந்த இரண்டு எழுத்துச் 'சரி'யில் அண்ணியின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை. தண்ணீர் சொம்போடு நடுவில் நின்றுகொண்டு, பெரியவர்கள் எப்போது கலைவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் மழை கொட்டியது. அம்மா முன் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தார், தம்பி தூங்கிவிட்டான். நான் பின் அறைக்குப் போய் எங்கள் ரேடியோ கேசட்டைத் தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, அந்த டேப்பைப் போட்டேன். துக்கத்தை மதிக்காமல் அல்ல, தாங்க முடியாமல். அலமாரி, திருடன், எங்கள் சிரிப்பு, எல்லாம் சின்னக் குரலில் வந்தன. "ரயிலு வந்துருச்சு," என்றார் அண்ணன். 

அப்போது சுவர் தட்டப்பட்டது. டொக் டொக்.

 மாட்டிக்கொண்டோம் என்று பட்டனை அழுத்தி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். மறுபடியும் டொக் டொக், முன்னைவிட மெதுவாக. அது திட்டு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ரீவைண்ட் செய்து போட்டேன். முடிந்ததும் மறுபடி தட்டினார். மறுபடி போட்டேன். அந்த மத்தியானம் நான்கு தடவை.

அடுத்தடுத்த நாளும் அப்படியே. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி காதை வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் இந்தப் பக்கம் கன்னத்தை வைத்துக்கொள்வேன், சுண்ணாம்பு ஒட்டும். பார்க்காமல், பேசாமல், இரண்டு பேர் சேர்ந்து ஒரு படம் பார்த்தோம் என்றுதான் சொல்லவேண்டும்.

பதின்மூன்றாம் நாள் அம்மா பக்கத்து வீட்டுக் கூடத்தில் சிகாமட் அக்காவோடு பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. நான் டேப்பை ஒரு முறை போட்டு, முடிந்ததும் நிறுத்திவிட்டு, தட்டலுக்குக் காத்திருந்தேன். தட்டல் வரவில்லை. பதிலாகச் சிரிப்பு வந்தது. பிந்தி, வழக்கம்போல. ஆனால் அண்ணியிடம் வாயைப் பொத்தத் துண்டு இல்லை போலிருக்கிறது. அந்தக் கேவல் சிரிப்பு பெரிதாகி, நிற்காமல், வரிசையில் பத்து வீட்டுக்கும் கேட்டது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அறைக்குள் அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கண்ணீர், வாயில் இன்னும் சிரிப்பு.

"புருஷன் போயி பதினாறு கூட ஆவல, சிரிக்குறா பாருங்க!" என்று சிகாமட் அக்கா மார்பில் அடித்துக்கொண்டார். "யாரு என்ன சொன்னா? எதுக்குச் சிரிச்சே?"

 அண்ணி கதவருகே நின்ற என்னைப் பார்த்தார்.

அம்மாவும் என்னைப் பார்த்தார். "நீ பின்னாடிதான இருந்தே? ரேடியோ எதும் வச்சியா?"

அப்பாவின் பெல்ட் கண்ணுக்கு முன்னால் வந்தது. துக்க வீட்டுச் சுவரில் காமெடி போட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"இல்லம்மா," என்றேன்.

அண்ணி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். சிகாமட் அக்கா வெட்கங்கெட்டவள் என்று ஆரம்பித்தார். என் அம்மா, இரக்கத்தில், அவரைத் தடுத்தார். "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க கா. அவ நல்ல புள்ள. இது துக்கம் தலைக்கேறுன சிரிப்பு. பாவம், சித்தம் கலங்கிப் போயிருக்கு. நீங்க கூடவே வச்சுப் பாத்துக்குங்க. தனியா மட்டும் விட்றாதீங்க."

வெட்கங்கெட்டவள் என்ற பேர் அடுத்த தீபாவளிக்குள் மறந்துபோயிருக்கும். பாவம், சித்தம் சரியில்லை என்ற பேரை என் அம்மாவின் நல்ல மனசு கொடுத்தது, அது போகவே இல்லை. அம்மா இறக்கும் வரை அண்ணியைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருந்தார். நான் அவரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே நான் டேப்பை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு போய், வரிசைக்குப் பின்னால் ஓடும் பெரிய லொங்காங்கில் போட்டேன். மழைத்தண்ணீர் நுரைத்து ஓடிய கால்வாய். நீல எழுத்து ஒரு தடவை மேலே திரும்பி, போய்விட்டது. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பதினாறாம் காரியம் முடிந்த மறுநாள் வேன் வந்தது. டெக், மேசை, பாய், அண்ணி. ஜன்னலோரம் அவரை உட்கார வைத்திருந்தார்கள். வேன் கிளம்பும்போது என்னைத் தேடிப் பிடித்து, விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார். டொக் டொக்.

"பாரேன், கண்ணாடியத் தட்டுது. பாவம்," என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டேப்பைத் திருப்பிக் கேட்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் வெறுங்கையோடு நின்றேன். வேன் போய்விட்டது.

அதற்குப் பிறகு செய்தி மட்டும் வந்தது. கோயிலில் வேப்பிலை அடித்தார்கள் என்றார்கள். வேலைக்கு அனுப்பவில்லை என்றார்கள். ஸ்கூடாயிலிருந்து சிகாமட் இரண்டரை மணி நேரம்தான். நான் நாற்பது வருஷம் போகவில்லை. படிப்பு, கல்யாணம், பிள்ளை, ஆற்றில் வெள்ளம், கால் வலி, எனக்குக் காரணத்துக்கா பஞ்சம்.

போன டிசம்பர் லீவில் போனேன். சிகாமட் அக்கா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அவருடைய மருமகள்தான் வீட்டை நடத்துகிறார், தங்கமான பெண். வாசலிலேயே என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "அத்த நல்லாத்தான் இருக்காங்க ஆண்ட்டி. காமெடி மட்டும் நாங்க போடறதில்ல. அவங்க வந்தா டிவிய மாத்திடுவோம். சிரிக்க ஆரம்பிச்சா நிக்காதுன்னு எங்க மாமியார் சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதுலருந்து நாங்க ரொம்ப கவனம்."

நாற்பது வருஷம். ஒரு வீடு முழுக்க, அன்பாக, கவனமாக, அவர் உள்ளே வரும்போதெல்லாம் சேனலை மாற்றியிருக்கிறது.

அண்ணி பின் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. என்னை உடனே தெரிந்துகொண்டார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"டேப்ப கொண்டாந்தியா?"

"இல்ல அண்ணி." அவர் பக்கத்தில் குந்தினேன். "அன்னிக்கே லொங்காங்ல போட்டுட்டேன்."

கீரைத் தண்டை ஒடித்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் ஒடித்தார். "ஓ," என்றார். "தண்ணில போச்சா."

"நான்தான் டேப் போட்டேன்னு நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"சொன்னா உங்கப்பா ஒன்ன தோல உரிச்சிருப்பாரு. பதினோரு வயசுப் புள்ள நீ." கீரையைத் தட்டில் போட்டார். "ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நெனச்சேன் லா. பெரியவங்கதான, புரிஞ்சுக்குவாங்கன்னு."

நான் அழுதேன். அவர் அழவில்லை, என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, நாற்காலிக் கையை விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக்.

எனக்கு அந்த டேப் மனப்பாடம். சொன்னேன். ஐம்பது வயது தாண்டிய ஒரு பொம்பிளை வராந்தாவில் குந்தியிருந்து, திருடனாகவும் வீட்டுக்காரராகவும் மாறி மாறிப் பேசினேன். "தெரியுதுப்பா. அதான் சத்தம் போடாம தள்ளு, புள்ளைங்க தூங்குது." தம்பியின் இருமல் வரும் இடத்தில் இருமினேன். அண்ணன் குரலுக்கு மட்டும் முயற்சி செய்யவில்லை. அது எனக்கு வராது.

அண்ணி கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "சரி, இருட்டுறதுக்குள்ள கெளம்பு. மழை வரும்," என்றார்.

மருமகளிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டருகே குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வீட்டின் பின்னாலிருந்து வந்தது. முதலில் ஒரு கேவல், பிறகு அடங்காமல் பெரிதாகி, நிற்காமல்.

மருமகள் கரண்டியோடு பதறி ஓடிவந்தார். "ஐயோ, அத்தைக்கு என்னாச்சு? ஆண்ட்டி, யாராச்சும் எதாச்சும் போட்டாங்களா?"

ஒரு செருப்போடு நிமிர்ந்தேன்.

"நான்தாம்மா," என்றேன். "நான்தான் போட்டேன்."